மனம் புண்படுதலும் மூன்றாண்டுச் சிறையும்

2015ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள் நடந்த இரண்டு சம்பவங்களை நாம் சேர்த்துவைத்துப் பார்ப்பதில்லை. ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட வருவாய் அலுவலர் கூட்டிய அமைதிப் பேச்சுவார்த்தையில் எழுத்தாளர் பெருமாள்முருகன் நிபந்தனையற்ற மன்னிப்புக்குக் கையெழுத்திட்டார். ‘மாதொருபாகன்’ நாவலின் விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொண்டார். மார்ச் 24 அன்று தில்லியில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் செலமேஸ்வரும் ரோஹிண்டன் நாரிமனும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று அதை நீக்கினார்கள். முதலாவதை இலக்கியச் சர்ச்சை என்றும் இரண்டாவதை இணையச் சட்ட விவகாரம் என்றும் தனித்தனிக் கோப்புகளில் போட்டுவைத்திருக்கிறோம். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான். ‘என் மனம் புண்பட்டுவிட்டது’ என்று ஒருவர் வந்து நின்றால் அரசு என்ன செய்ய வேண்டும்? இணைய வசைக்குச் சிறைத் தண்டனை வேண்டும் என்ற கோரிக்கை ஒவ்வொரு துயரத்துக்குப் பிறகும் எழுகிறது. எழுப்புகிறவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் எந்தச் சட்டமாக உருமாறும், அது யார் கைக்குப் போகும் என்று கேட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது.

நாமக்கல்லில் நடந்ததை இன்றைய சொற்களில் விவரித்துப் பாருங்கள். நாவல் வெளிவந்தது 2010இல். நான்கு ஆண்டுகள் அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2014 இறுதியில் சில பக்கங்கள் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டு நகலாகி ஊரெங்கும் விநியோகமாயின. புத்தகத்தை எரித்தார்கள். எழுத்தாளருக்குத் தொலைபேசியில் வசைகள் வந்தபடி இருந்தன. திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. சூழலிலிருந்து பிடுங்கிய ஒரு துண்டு, அதை முழுதாகப் படிக்காத பெருங்கூட்டம், ஒரே நாளில் நூறு திசையிலிருந்து ஒரு மனிதனை நோக்கி வரும் ஏச்சு: இணையத் துன்புறுத்தலுக்கு இதைவிடத் துல்லியமான வரையறை கிடைக்காது. ஆனால் அதிகாரிகளின் முன்னால் பாதிக்கப்பட்டவர்களாக வந்து உட்கார்ந்தது அந்தக் கூட்டம்தான். புண்பட்டது அவர்கள் மனம், புண்படுத்தியவர் எழுத்தாளர். நாவலாசிரியர்மீது கிரிமினல் வழக்குத் தொடர வேண்டும் என்ற கோரிக்கையும் உயர் நீதிமன்றம்வரை போய், 2016 ஜூலையில் நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கவுல், புஷ்பா சத்யநாராயணா அமர்வில்தான் தள்ளுபடியானது. புண்படுத்துதலைக் குற்றமாக்கும் சட்டம் ஒன்று அன்று அதிகாரிகள் கையில் இருந்திருந்தால் அது கூட்டத்தின்மேல் பாய்ந்திருக்குமா, எழுத்தாளர்மேலா என்பதை யூகிக்கச் சிரமப்பட வேண்டியதில்லை. மனப்புண்ணுக்கு அளவுகோல் கிடையாது. அதனால் எத்தனை பேர் புண்பட்டார்கள், அவர்களுக்கு எவ்வளவு செல்வாக்கு என்பதே அளவுகோலாகிவிடுகிறது.

இது ஊகமல்ல, 66ஏ நமக்குக் காட்டிக்கொடுத்த பாடம். அந்தப் பிரிவின் வம்சாவளி விசித்திரமானது. பிரிட்டனில் 1935இல் தபால் சட்டத்தைத் திருத்தியபோது, தொலைபேசி இணைப்பகங்களில் வேலை பார்த்த பெண்களிடம் ஆபாசமாகப் பேசுகிறவர்களைத் தண்டிக்க ஒரு விதி சேர்த்தார்கள். தன் வேலையின் காரணமாக அழைப்பைத் துண்டிக்க முடியாத ஒரு பெண்ணுக்கான பாதுகாப்பு அது. நோக்கம் நல்லது, எல்லை குறுகியது. அதன் சொற்கள் பல திருத்தங்களைத் தாண்டி 2003இன் பிரிட்டிஷ் தகவல்தொடர்புச் சட்டத்துக்கு வந்து, 2008இல் பெரிய விவாதம் ஏதுமில்லாமல் நம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2009 அக்டோபரில் அமலுக்கு வந்தன. வரும் வழியில் வீங்கிவிட்டன. மிகவும் அவமதிப்பான செய்தி, எரிச்சலூட்டும் நோக்கம், அசௌகரியம், அபாயம், இடையூறு, அவமானம், மிரட்டல், பகை, வெறுப்பு என்று எல்லாவற்றையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து எல்லாவற்றுக்கும் மூன்றாண்டுவரை சிறை என்றது சட்டம். கொலை மிரட்டலும் எரிச்சலும் ஒரே தண்டனைக்கு உரியவை! அரசியல் சாசனத்தின் 19(2) பேச்சுரிமைக்கு வரம்பு விதிக்க அனுமதிக்கும் காரணங்களை வரிசையாகச் சொல்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று நீளும் அந்தப் பட்டியலில் எரிச்சல் இல்லை.

அமலில் இருந்த ஐந்தரை ஆண்டுகளில் 66ஏ வலையில் விழுந்த மீன்களைப் பார்த்தால் வலை யாருடையது என்பது தெரியும். 2012 ஏப்ரலில் மம்தா பானர்ஜியைப் பற்றிய கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பிய ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைதானார். 66ஏ ரத்தாகி ஏறத்தாழ எட்டாண்டுகள் கழித்து 2023இல்தான் அவருக்கு அந்த வழக்கிலிருந்து விடுதலை. 2012 அக்டோபரில், கார்த்தி சிதம்பரத்தைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதிய புதுச்சேரிக்காரரைப் போலீஸ் கைது செய்தது. அவரைப் பின்தொடர்ந்தவர்கள் அன்று பதினாறு பேர். நவம்பரில் பால் தாக்கரே இறந்தபோது மும்பை ஏன் மூடிக்கிடக்க வேண்டும் என்று பால்கரைச் சேர்ந்த ஓர் இளம்பெண் முகநூலில் கேட்டார்; கேட்டவரும், அதற்கு லைக் போட்ட தோழியும் கைதானார்கள். கேட்டவரின் உறவினர் நடத்திய மருத்துவமனையை ஒரு கூட்டம் அடித்து நொறுக்கியது. இந்த மூன்று சம்பவங்களிலும் புகார்தாரர் பக்கம் கட்சி இருந்தது, பெயர் இருந்தது, ஆள்பலம் இருந்தது. காங்கிரஸ், திரிணாமுல், சிவசேனை என்று கட்சிகள்தான் வேறு. சட்டம் செத்த பிறகும் பழக்கம் சாகவில்லை என்பது இன்னொரு கூத்து. நீக்கப்பட்ட பிரிவின் கீழ் 11 மாநிலங்களில் 745 வழக்குகள் கீழமை நீதிமன்றங்களில் நிலுவையில் இருந்ததாக 2021இல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. 66ஏ கீழ் யார்மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் வரும் எதிர்வாதம் வலுவானது, அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. இணையத்தில் கருத்துச் சொல்லும் பெண்ணுக்கு, சாதியைப் பற்றி எழுதும் தலித் இளைஞருக்கு, தன் அடையாளத்தோடு முகம் காட்டும் திருநங்கைக்குப் பேச்சுரிமை என்பது ஏட்டில் மட்டுமே இருக்கிறது. வசைக்கு அஞ்சி அவர்கள் கணக்கை மூடிவிட்டுப் போவதும் பேச்சுரிமை இழப்புத்தான். வசைபாடுகிறவனின் சுதந்திரத்துக்காக வருந்துகிறவர்கள் வாயடைத்துப் போனவர்களின் சுதந்திரத்தை ஏன் கணக்கில் எடுப்பதில்லை என்று கேட்கிறார்கள். சரியான கேள்வி. அரசு கைகட்டி நிற்பது நடுநிலைமை ஆகாது என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அரசு எதைத் தண்டிக்க வேண்டும் என்பதற்கு விடை வேறு இடத்தில் இருக்கிறது. கொல்வேன், சிதைப்பேன் என்ற மிரட்டல். வேண்டாம் என்ற பின்னும் விடாமல் பின்தொடர்வது. அந்தரங்கப் படத்தை வெளியிடுவது, இல்லாத படத்தை மார்ஃபிங் செய்து உண்டாக்குவது. கும்பல் தேடி வரட்டும் என்று வீட்டு முகவரியைப் பரப்புவது. இவை பேச்சின் வடிவில் வரும் செயல்கள். கேட்டவர் மனம் எவ்வளவு நொந்தது என்று அளக்காமலே இவற்றை நிரூபிக்கலாம். சட்டமும் ஏற்கெனவே இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 351 மிரட்டலையும் 78 பின்தொடர்தலையும் குற்றமாக்குகின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ அந்தரங்க மீறலுக்கு மூன்றாண்டுவரை சிறை என்கிறது. சாதி சொல்லி இழிவுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். யூடியூப் காணொளிக்கும் அது பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. ஓட்டைகளும் உண்டு. பின்தொடர்தல் பிரிவு பெண்களை மட்டுமே காக்கிறது. ஆண் அதன் கீழ் புகார் தர வழியில்லை. அதை விரிக்கலாம், விரிக்க வேண்டும். ஆனால் ‘அவமதிப்பு’, ‘மன உளைச்சல்’ என்று புதிதாக ஒரு குடை விரிப்பது வேறு வேலை.

அந்தக் குடையைப் பெண்களின் பெயரால் விரித்த அரசு கேரள அரசு. 2020 நவம்பரில் போலீஸ் சட்டத்தில் 118ஏ என்று ஒரு பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. பெண்களைக் குறிவைத்து யூடியூபில் நடந்த கேவலங்கள் அப்போது அங்கே கொதிநிலையில் இருந்தன. அதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். பிரிவைப் படித்தால் எந்தத் தகவல்தொடர்பு வழியாகவும் ஒருவரை மிரட்டினாலோ அவமதித்தாலோ இழிவுபடுத்தினாலோ மூன்றாண்டுவரை சிறை என்று இருந்தது. செய்தித்தாளும் அதற்குள் வரும், சுவரொட்டியும் வரும். எதிர்ப்புத் தாங்காமல் இரண்டே நாளில் அதை அமல்படுத்தப் போவதில்லை என்று பினராயி விஜயன் அறிவித்தார். நல்ல நோக்கமுள்ள வரைவாளர்கள் உட்கார்ந்து எழுதினாலும், அவமதிப்பை மையமாக வைத்தால் சட்டம் அதே உருவத்தில்தான் வெளியே வருகிறது.

தமிழ்நாட்டு உதாரணம் இதைவிடச் சிக்கலானது, ஆகவே கூடுதல் கவனத்துக்கு உரியது. 2024இல் யூடியூபர் சவுக்கு சங்கர் ஒரு நேர்காணலில் பெண் காவலர்களைப் பற்றிக் கேவலமாகப் பேசினார். அது விமர்சனமல்ல, உழைக்கும் பெண்களின் நடத்தையைக் கொச்சைப்படுத்தும் பேச்சு. புகார் எழுந்ததும் வழக்குப் பதிந்ததும் சரி. ஆனால் அந்தக் கைது அதோடு நிற்கவில்லை. சில நாட்களில் அவர்மீது குண்டாஸ் பாய்ந்தது, அதாவது விசாரணையே இல்லாமல் ஓராண்டுவரை உள்ளே வைக்கும் தடுப்புக்காவல். ஆகஸ்ட் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. சில நாட்களிலேயே இரண்டாவது குண்டாஸ். விவகாரம் உச்ச நீதிமன்றம் போன பிறகு செப்டம்பரில் அரசே அதைத் திரும்பப் பெற்றது. அவர் அரசாங்கத்தை நாள்தோறும் விமர்சித்துவந்தவர் என்பது ஊரறிந்தது. பெண் காவலர்களுக்கு உண்மையிலேயே ஒரு முறையீடு இருந்தது. ஒழுங்காக ஒரு வழக்கை நடத்தித் தீர்ப்பு வாங்கித் தந்திருந்தால் அவர்களுக்கு அது மரியாதையாக இருந்திருக்கும். நடந்ததோ, அவர்களுடைய அவமானம் முகப்பில் தொங்க, உள்ளே வேறு கணக்குத் தீர்க்கப்பட்டது. வரம்பில்லாத அதிகாரம் குற்றவாளியைத் தியாகி ஆக்கிவிடும். பாதிக்கப்பட்டவர்களை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அவர் என்ன பேசினார் என்று இன்று எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்கள்? எத்தனை முறை குண்டாஸ் என்பதுதான் நினைவிருக்கிறது.

கடுமையான சட்டம் இல்லாததால்தான் பெண்கள் சாகிறார்கள் என்ற வாதத்தைச் சேலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2016 ஜூனில், தன் முகத்தை ஒட்டி மார்ஃபிங் செய்த படம் முகநூலில் வந்ததை ஓர் இளம்பெண் பெற்றோரிடம் சொன்னார். அவர்கள் ஒளிக்கவில்லை, பயப்படவில்லை, போலீசுக்குப் போனார்கள். புகார் கொடுத்த பிறகு இரண்டாவது படமும் வந்தது. அந்தப் பெண் இறந்துபோனார். சைபர் பிரிவுக் காவலர் ஒருவர் விசாரணைக்காக ஒரு கைபேசியை லஞ்சமாக வாங்கினார் என்ற புகார் பிறகு வெளியே வந்தது; மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் இறந்த சில நாட்களில் போலீஸ் குற்றவாளியைக் கண்டுபிடித்துக் கைது செய்தது. சில நாட்களில் கண்டுபிடிக்க முடிந்த ஆளை அதற்கு முன்னால் தேடவில்லை, அவ்வளவுதான். அன்று சட்டத்தில் எது இல்லாமல் இருந்தது? 66இ இருந்தது. ஐந்தாண்டுவரை சிறையும் பத்து லட்சம்வரை அபராதமும் சொல்லும் 67ஏ இருந்தது. இணையவழிக் குற்றவாளிகளையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்த 2014 திருத்தத்துக்கு அப்போது இரண்டு வயது. நாட்டின் மிகக் கடுமையான ஏற்பாடுகளில் ஒன்று தமிழ்நாட்டின் கையில் இருந்தது. ஆனால் ஒரு புகாருக்கு, அதைப் பெற்றுக்கொண்டதாகத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைத் தாண்டி உயிர் வரவில்லை. தண்டனை எத்தனை ஆண்டு என்பது குற்றம் செய்கிறவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் பொருட்டல்ல. போலீஸ் வருமா வராதா என்பதைத்தான் அவன் கணக்குப் போடுகிறான்.

தண்டனையைக் கூட்டிப் பார்த்த நாடு ஜப்பான். தொழில்முறை மல்யுத்த வீராங்கனை ஹானா கிமுரா ‘டெரஸ் ஹவுஸ்’ என்ற ரியாலிட்டி நிகழ்ச்சியில் பங்கேற்றவர். தன் மல்யுத்த உடையைச் சலவையில் சுருங்கவைத்துவிட்டதற்காகச் சக பங்கேற்பாளரிடம் அவர் கோபப்படும் காட்சி ஒளிபரப்பானதும் வசைகள் குவிந்தன. 2020 மே 23 அன்று, 22 வயதில், அவர் இறந்தார். விசாரணைக்குப் பிறகு இருவருக்கு அவமதிப்புக் குற்றத்துக்காகத் தலா 9,000 யென் அபராதம் விதிக்கப்பட்டது, அன்றைய மதிப்பில் ஆறாயிரம் ரூபாய் அளவு. நாடு கொந்தளித்தது. மகளை இழந்த தாய் முன்னின்று போராட, 2022இல் அவமதிப்புக் குற்றத்துக்கு ஓராண்டுவரை சிறை, மூன்று லட்சம் யென்வரை அபராதம் என்று சட்டம் திருத்தப்பட்டது. அரசியல்வாதிகளை விமர்சிப்பவர்கள்மேல் இது பாயும் என்று ஜப்பான் வழக்கறிஞர் சங்கங்களின் கூட்டமைப்பு எதிர்த்தது. மூன்றாண்டு கழித்துப் பேச்சுரிமைக்கு என்ன ஆயிற்று என்று மீளாய்வு செய்யும் விதியைச் சேர்த்துத்தான் நிறைவேற்ற முடிந்தது. செய்தித் தலைப்புகள் இதோடு நின்றுவிட்டன. எனக்கு முக்கியமாகத் தெரிவது, அதிகம் பேசப்படாமல் அதே ஆண்டு அக்டோபரில் அமலுக்கு வந்த இன்னொரு திருத்தம். முகமூடிக் கணக்கிலிருந்து வசைபாடியவர் யார் என்று அறிய, பாதிக்கப்பட்டவர் முதலில் சமூக ஊடக நிறுவனத்தின்மீது ஒரு நடவடிக்கை, பிறகு இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின்மீது இன்னொரு நடவடிக்கை என்று இருமுறை நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. இணைப்புப் பதிவுகள் சில மாதங்களில் அழிந்துவிடும். நீதி கிடைக்குமுன் ஆதாரம் போய்விடும். அந்த இரண்டையும் ஒரே மனுவில் முடிக்க வழிசெய்தார்கள். இதனால் சிறை செல்பவர் எண்ணிக்கை கூடாது. தன்னை வதைத்தவரின் பெயரைத் தெரிந்துகொண்டு நஷ்ட ஈட்டு வழக்குப் போட ஒரு குடிமகனால் முடியும். நிகழ்ச்சியை ஒளிபரப்பியவர்களும் தப்பவில்லை. பங்கேற்பாளரின் மனநிலையைப் பற்றிப் போதிய அக்கறை காட்டவில்லை என்று ஒளிபரப்பு நெறிமுறைக் குழு 2021இல் குறைகண்டது.

அப்படியானால் கும்பலை என்ன செய்வது என்ற கேள்வி பாக்கி நிற்கிறது, இங்கேதான் என் வாதம் மிகவும் பலவீனமாகிறது. 2024இல் சென்னையில் ஓர் அடுக்ககத்தின் தகரக் கூரையில் விழுந்த கைக்குழந்தையை அக்கம்பக்கத்தார் மீட்ட காணொளியைத் தமிழ்நாடே பார்த்தது. குழந்தை பிழைத்தது. ஆனால் தாயை இணைய வசை விடவில்லை, சில வாரங்களில் அவர் உயிரோடு இல்லை. அவருக்கு எதிராக வந்த பின்னூட்டங்களைத் தனித்தனியே எடுத்தால் ‘இவளெல்லாம் ஒரு தாயா’ என்ற ரகம்தான். மிரட்டல் இல்லை, ஆபாசம் எல்லாவற்றிலும் இல்லை. டீக்கடையில் ஒருவர் முணுமுணுத்தால் குற்றமாகாத வாக்கியம் பல்லாயிரம் பேர் ஒரே முகத்தைப் பார்த்துச் சொன்னால் தாங்க முடியாத பாரம். கிரிமினல் சட்டம் தனி மனிதனின் தனிச் செயலைப் பிடிக்கக் கற்ற சட்டம். எந்தப் பின்னூட்டம் எந்தத் துயரத்துக்குக் காரணம் என்று எந்த நீதிபதியாலும் சொல்ல முடியாது. பல்லாயிரம் பேரில் ஐந்து பேரைப் பிடித்து உள்ளே தள்ளினால் அது பாடம் புகட்டுவதாக இருக்குமே ஒழிய நீதியாக இருக்காது. இந்த வகைத் தீங்கு பெரும்பாலும் தண்டனையின்றிப் போகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது சிறிய இழப்பு அல்ல. ஆனால் அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பக் கோடிக்கணக்கானோர் திரைக்குத் தள்ளியவை நிறுவனங்கள். தாயைக் கூண்டிலேற்றித் தலைப்புப் போட்டவை யூடியூப் சேனல்களும் செய்தி ஊடகங்களும். முகவரியும் வருமானமும் உள்ளவர்கள் அவர்கள். பின்னூட்டம் போட்ட பையனைத் தேடுவதைவிட அவர்களிடம் நஷ்ட ஈடு கேட்பது எளிது, பயனும் அதிகம்.

உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கினால் வசை நின்றுவிடும் என்ற யோசனையும் அவ்வப்போது வரும். தென்கொரியா 2007இல் பெரிய இணையதளங்களில் அதைச் செய்து பார்த்தது. 2011இல் ஒரே ஊடுருவலில் சுமார் மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக நீக்கியது. நம் ஊரில் ஆதிக்கச் சாதி ஊர்க்கூட்டத்தைப் பற்றி எழுதும் கிராமத்து இளைஞருக்குப் புனைபெயர் மட்டுமே தற்காப்பு. எல்லோர் முகத்திரையையும் கிழிப்பதும், நீதிமன்றம் ஆராய்ந்து ஒருவர் பெயரைக் கேட்பதும் ஒன்றல்ல.

செய்ய வேண்டியவை புதியவை அல்ல. நடிகர் எஸ்.வி. சேகர் 2018 ஏப்ரலில் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவொன்றைப் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்துவிட்டதாகச் சொன்னார். அனுப்பிய செய்தி வில்லை விட்ட அம்பு, விளைவுக்கு அனுப்பியவரே பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் அந்தச் சாக்கை ஏற்க மறுத்தது. விசாரணை நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தபோது 2024 பிப்ரவரி ஆகியிருந்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2025 ஜனவரியில். ஒரு மாதத் தண்டனை போதாது என்று நான் நினைக்கவில்லை. ஆறாண்டுதான் அநியாயம். ஆறு மாதத்தில் முடியும் ஒரு மாதத் தண்டனை பத்தாண்டுச் சிறை என்ற பயமுறுத்தலைவிட மேலானது. புகாரை 24 மணி நேரத்துக்குள் பதியாத அதிகாரிக்குத் துறைரீதியான நடவடிக்கை, அந்தரங்கப் படங்களைப் பாதிக்கப்பட்டவரின் புகாரின்பேரில் மட்டும் உடனே நீக்கும் ஏற்பாடு, ஜப்பானைப் போல அடையாளம் கோர ஒரே மனு, குற்றப் பிரிவுகளில் பின்தொடர்தலுக்குப் பால் பேதமற்ற வரையறை: இவை போதும். நீக்கும் அதிகாரத்தை அரசிடம் தாராளமாகக் கொடுத்தால் அதுவும் கேலிச்சித்திரத்தைத்தான் முதலில் தேடும் என்பதால்தான் ‘பாதிக்கப்பட்டவரின் புகாரின்பேரில் மட்டும்’ என்கிறேன்.

கூடவே 2014இல் குண்டர் சட்டத்துக்குள் நுழைத்த இணையவழிக் குற்றவாளி என்ற வகையைச் சட்டமன்றம் நீக்க வேண்டும். பேச்சுக்காக யாரையும் விசாரணையின்றி அடைத்துவைக்க முடியாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தது அதிமுக ஆட்சி. 2024இல் அதே குண்டர் சட்டத்தை ஒரு யூடியூபர்மீது இருமுறை ஏவியது திமுக ஆட்சி. இருவரில் எவரும் எதிர்க்கட்சியாக இருக்கும்போது அதை எதிர்க்கத் தவறியதில்லை. ஆட்சிக்கு வந்ததும் நீக்கியதும் இல்லை.